அசெம்ப்ளி உரையிலிருந்து ஆப்ஜெக்ட் கோப்புக்கு: என் கம்பைலரின் புதிய கட்டம்

மூல நிரலைச் செயலிக்கான கட்டளைகளாக மாற்றும் என் சிறு கம்பைலர், இதுவரை அக்கட்டளைகளை மனிதர் படிக்கக்கூடிய அசெம்ப்ளி உரையாக எழுதி, அதைப் பைட்டுகளாக்கும் அசெம்ப்ளர் என்ற நிரலிடம் ஒப்படைத்து வந்தது. ஜிசிசி கம்பைலர் இன்றும் அவ்வழியில்தான் செல்கிறது; கிளாங் கம்பைலர் வழக்கமாக இடையில் உரை இல்லாமலே, அந்தப் பைட்டுகளைக் கொண்ட ஆப்ஜெக்ட் கோப்பை உருவாக்குகிறது. லினக்ஸில் எக்ஸ்86-64 செயலிக்காக இந்த இரண்டாம் வழியை எழுதிப் பார்த்தேன்.

கட்டளைகளை உரையாக்கி, அந்த உரையை மறுபடியும் படித்துப் பிரிக்கும் வேலையும், தனி நிரலொன்றைத் தொடங்கும் செலவும் ஒழிந்ததால் வேகம் கூடியது. சிறு கோப்புகள் பல இருக்கும்போது அது தெளிவாகவே தெரிகிறது.

ஆனால் அசெம்ப்ளர் செய்துவந்த வேலை முழுவதும் இப்போது என் பொறுப்பு. ஆர்12 என்ற ரெஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) உள்ள முகவரியிலிருந்து படிக்கக் கூடுதலாக ஒரு பைட் வேண்டும். ஆர்13 என்றால், கூட்ட வேண்டிய தூரம் 0 ஆனாலும் அதை ஒரு பைட்டாக எழுதியே ஆக வேண்டும். நிபந்தனை நிறைவேறினால் நிரலின் வேறிடத்துக்குச் செல்லும் நிபந்தனைத் தாவல், சேருமிடம் அருகில் என்றால் 2 பைட், தொலைவு என்றால் 6 பைட். ஒரு தாவல் நீண்டால், அதைக் கடந்து செல்லும் வேறொரு தாவலின் தூரமும் கூடி அதுவும் நீள நேரிடும். ஆகவே எல்லாவற்றையும் 2 பைட்டில் தொடங்கி, தேவையானவற்றை மட்டும் நீட்டி, மாற்றம் நிற்கும்வரை திரும்பக் கணக்கிடுகிறேன். ஒருமுறை நீண்டதைக் குறுக்குவதில்லை என்பதால் இந்தச் சுற்று நிச்சயம் முடியும். லினக்ஸில் ஆப்ஜெக்ட் கோப்புகளுக்கான ஈஎல்எஃப் வடிவத்துக்கும் தனி விதிகள் உண்டு: பெயர்களைப் பட்டியலிடும் குறியீட்டு அட்டவணையில், அந்தக் கோப்புக்குள் மட்டும் பயன்படும் உள்ளூர்ப் பெயர்கள் அனைத்தும், பிற கோப்புகளும் பயன்படுத்தக்கூடிய பொதுப் பெயர்களுக்கு முன்பாக வர வேண்டும்.

என் பார்வையில் உண்மையான இழப்பு, கண்ணால் படித்துச் சரிபார்க்கும் வசதிதான். பைட்டுகளைத் திருப்பிப் பிரித்துக் காட்டும் கருவிகள் உண்டு என்றாலும், கம்பைலர் இட்ட குறிப்புரைகள் அவற்றில் வருவதில்லை. அதனால் ஒவ்வொரு கட்டளையையும் முதலில் ஒரு தரவு அமைப்பாக வைத்து, அதிலிருந்தே உரையையும் பைட்டுகளையும் தனித்தனியாக உருவாக்குகிறேன். கிளாங்கின் அடித்தளமான எல்எல்விஎம் கருவித்தொகுப்பில், இயந்திரக் கட்டளைகளைக் கையாளும் எம்சி அடுக்கும் இதே எண்ணத்தில் அமைந்ததுதான். உரையை அசெம்ப்ளரிடம் கொடுத்துப் பெறும் பைட்டுகளோடு என்னுடையவற்றை ஒப்பிடுவதே இப்போது என் முக்கியச் சோதனை. ஒரே கட்டளைக்கு இரண்டு சரியான குறியாக்கங்கள் இருக்கக்கூடும் என்பதால், வேறுபாடு எல்லாம் பிழையாகாது.

எந்தக் கட்டளை மூல நிரலின் எந்த வரியிலிருந்து வந்தது என்று காட்டும், பிழைதிருத்திக்குத் தேவையான வரி எண் அட்டவணையை இன்னும் எழுதவில்லை. அசெம்ப்ளி வழியில் வரிக்கொரு குறிப்பு கொடுத்தால் அசெம்ப்ளரே அதை ஆக்கித் தருவதால், பிழைதிருத்தத்துக்கான தொகுப்புகளை மட்டும் தற்போதைக்குப் பழைய வழியிலேயே அனுப்புகிறேன்.