உடுக்கை பேசத் தொடங்கிய கதை

கோபிசெட்டிபாளையத்தை ஒட்டிய எங்கள் ஊரில் வள்ளி கும்மி பழகும் குழுவுக்காக, ஆசிரியர் பாடும் பாட்டுகளை ஒவ்வொன்றாக ஸ்டாஃப் நொட்டேஷன் என்ற ஐந்து கோட்டு மேற்கத்திய இசைக்குறியீட்டில் எழுதி வருகிறேன். வெளியூரில் படிக்கும் பிள்ளைகள் விடுதியிலிருந்தே கேட்டுப் பழக வேண்டும் என்பதால், எழுதியதைக் கணினியே வாசித்துக் காட்டும்படி செய்ய விரும்பினேன். ஆனால் கணினிகளும் மின்னணு இசைக்கருவிகளும் பொதுவாகப் பின்பற்றும், 1991-இல் வகுக்கப்பட்ட ஜெனரல் மிடி என்ற ஒலிப்பட்டியலின் 128 ஒலிகளில் சித்தாரும் ஷெனாயும் உண்டு. நாதஸ்வரமே இல்லாத இடத்தில் உடுக்கையைத் தேடிப் பயனில்லை. ஆகவே உடுக்கையை நானே பதிவு செய்து, பதிவான ஒலிகளை வாசித்துக் காட்டும் சாம்ப்ளர் என்ற மென்பொருளில் ஏற்றி, அதை நான் பாட்டு எழுதும் நொட்டேஷன் மென்பொருளோடு இணைத்தேன்.

இரண்டுக்கும் இடையே ஒலி எதுவும் போவதில்லை. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எப்போது தொடங்கி எப்போது நிற்க வேண்டும் என்ற மிடி செய்திகள் மட்டுமே போகின்றன. தனித்தனிக் கருவிகளாக இருந்தால் ஒரு கம்பி போதும்; இரண்டும் ஒரே கணினிக்குள் இருப்பதால் அந்தக் கம்பியையும் மென்பொருளாகவே போட வேண்டும். விண்டோஸில் லூப்மிடி என்ற இலவச மென்பொருள் இதைச் செய்கிறது. மேக்கில் ஐஏசி டிரைவர் ஏற்கெனவே உள்ளது. நொட்டேஷன் மென்பொருளின் மிடி வெளியீட்டிலும் சாம்ப்ளரின் மிடி உள்ளீட்டிலும் இந்த மென்பொருள் கம்பியின் பெயரில் தெரியும் அதே போர்ட்டைத் தேர்ந்தெடுத்தால் இணைப்பு முடிந்தது. நொட்டேஷன் மென்பொருளின் உள்ளீட்டிலும் அதையே வைத்துவிட்டால், அனுப்பிய செய்தி தனக்கே திரும்பி வந்து சுற்றத் தொடங்கிவிடும். 2022 டிசம்பரில் வெளிவந்த மியூஸ்ஸ்கோர் 4 என்ற நொட்டேஷன் மென்பொருள், வேறு மென்பொருளுக்குள் செருகிப் பயன்படுத்தும் விஎஸ்டி3 வகை ஒலிக்கருவிகளைத் தன் மிக்ஸரிலேயே நேரடியாக ஏற்றுக்கொள்வதால் அங்கே இந்தக் கம்பி தேவையில்லை. என்னுடைய சாம்ப்ளர் பழைய விஎஸ்டி2 வகை என்பதால் நான் இந்த வழியிலேயே இருக்கிறேன்.

இணைத்த பிறகு இரண்டு இரவுகள் ஒரு சத்தமும் வரவில்லை. சாம்ப்ளரின் மிடி விளக்கு மட்டும் ஒவ்வோர் அடிக்கும் மினுக்கியது. அப்படியானால் செய்தி வந்து சேர்கிறது, பிழை அதற்கப்பால்தான் இருக்கிறது என்று புரிந்தது. உடுக்கை ஒலியை நான் சி4 என்ற இடத்தில் வைத்திருந்தேன். மிடியில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் எண் உண்டு. நொட்டேஷன் மென்பொருள் 60-ஆம் எண் சுரத்தை சி4 என்று அழைக்கிறது. சாம்ப்ளரோ அதே 60-ஐ சி3 என்கிறது. பெயரை நம்பியதால், செய்தி 60-க்கு வர, என் உடுக்கை 72-இல் உட்கார்ந்திருந்தது. சுரத்தின் பெயரைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பதே நல்லது என்று அன்றிலிருந்து வைத்துக்கொண்டேன்.

ஒலி வந்ததும் ஆசிரியரிடம் போட்டுக் காட்டினேன். "அடி சரியா விழுகுதுங் தம்பி, ஆனா உடுக்கை பேச மாட்டேங்குதுங்களே" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. உடுக்கையின் இடையில் ஓடும் கயிற்றை அமுக்கும்போதுதான் அது விம்முகிறது. முதலில் அதைச் சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் என்ற மிடி செய்தியால் கொண்டுவர முயன்றேன். அதில் 16,384 படிகள் இருப்பதால் நுணுக்கத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் கேட்பதற்கு ஒலிநாடாவை இழுத்ததுபோலவே இருந்தது. கயிறு இறுகும்போது தோலும் இறுகி, சுருதியோடு ஒலியின் தன்மையும் மாறுகிறது. சுருதியை மட்டும் வளைத்தால் அந்த மாற்றம் வராது. ஆகவே கயிறு தளர்ந்த அடி, இறுகிய அடி, அடித்த கையோடு இறுக்கும் அடி என மூன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்து, 60, 62, 64 என்ற எண்களில் வைத்தேன். தாளில் மூன்று வெவ்வேறு சுரங்களாக எழுதினால், சாம்ப்ளரில் மூன்று வகை அடியாக விழுகின்றன.

கும்மியின் கைதட்டுக்கு இப்போதைக்கு ஜெனரல் மிடியின் தாளச் சேனலான 10-இல், 39-ஆம் எண்ணில் உள்ள கைதட்டலையே வைத்திருக்கிறேன். அது ஒரே ஆளின் தட்டாகக் கேட்கிறது. வரும் ஞாயிறு பழகலுக்கு மைக்கை எடுத்துப் போய், வட்டத்தின் நடுவில் வைத்து எல்லோருடைய தட்டையும் சேர்த்துப் பதிவு செய்யப் போகிறேன்.