ஏற்காடும் 40463-ம்

சேலத்தில் தட்டுவடை செட் சாப்பிடாமல் ஏற்காடு ஏறுவதில்லை என்பது எங்கள் கொள்கை. இரண்டு தட்டுவடைக்கு நடுவே கேரட், பீட்ரூட் துருவல், பச்சையும் சிவப்புமாய்ச் சட்னி. கடித்தால் பாதி சட்டையில் விழும். கூட வந்தவனுக்கு விழுந்தது. அந்தக் கறையோடுதான் 20 கொண்டை ஊசி வளைவுகளும் பைக்கில் ஏறினோம். என் முதுகில் தொலைநோக்கிப் பை.

விடுதியில் எங்களுக்கு முன்னால் ஒரு ஆணும் பெண்ணும். கல்யாணம் ஆகவில்லை என்று தெரிந்ததும் ரூம் இல்லையென்று அனுப்பிவிட்டார்கள். எங்களிடம், "ரெண்டு பசங்கதானே? ஆதார் மட்டும் குடுங்க தம்பி" என்று சாவியை நீட்டினார் மேனேஜர். நாங்கள் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தத் தொடங்கியபோது, தன்பாலுறவைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 377 அப்படியே இருந்தது. 2018 செப்டம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது. படியேறும்போது அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எட்டு மணிக்கெல்லாம் பனிமூட்டம் மொட்டை மாடியை விழுங்கிவிட்டது. வானம் திறக்கும்வரை ஃபிராங்க் கேமனியின் கதையைச் சொன்னேன்.

1925-இல் நியூயார்க்கில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்டவர். 1956-இல் ஹார்வர்டில் வானியல் முனைவர் பட்டம். மறு வருஷம் ராணுவத்தின் வரைபடத் துறையில் வேலை கிடைத்தது. அதே வருஷம் அக்டோபரில் ரஷ்யா முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை ஏவியது. வானம் தெரிந்த ஆளுக்கு நாடே அலைந்த நேரத்தில், தன்பாலீர்ப்பாளர் என்று சொல்லி இவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்தக் காலத்தில் இப்படி வேலை போனவர்கள் பெரும்பாலும் வாய் திறக்காமல் ஒதுங்கிவிடுவார்கள். இந்த மனுஷன் வழக்குப் போட்டார். 1959-இல் சில மாதங்கள் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 20 சென்ட்தான் கையில். வக்கீல் கைவிட்டதும் உச்ச நீதிமன்றத்துக்கு மனுவைத் தானே எழுதினார். 1961-இல் அதையும் தள்ளினார்கள். அதே வருஷம் வாஷிங்டனில் தன்பாலீர்ப்பாளர் உரிமைக்கான மாட்டஷின் சொசைட்டியைத் தொடங்கினார். 1965 ஏப்ரல் 17 அன்று வெள்ளை மாளிகை வாசலில் பத்தே பேர் பதாகையோடு நடந்தார்கள். ஆண்களுக்குக் கோட்டும் டையும், பெண்களுக்குப் பாவாடை, கேமனியின் கண்டிப்பு. வேலை கேட்பவன் வேலைக்குப் போகிறவன் மாதிரி இருக்க வேண்டுமாம்.

"அப்ப இந்தச் சட்டையோட என்னைச் சேத்திருக்க மாட்டாரு" என்றான் அவன், சட்னிக் கறையைத் தடவி. எனக்கும் அந்த இடத்தில் கேமனியோடு ஒத்துப்போகாது. கசங்கின சட்டைக்காரனுக்கும் அதே உரிமைதானே? ஆனால் 1965-இல் அந்த வாசலில் நின்றவன் நானில்லை.

நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல் நீக்கியதிலும் அவர் பங்கு உண்டு. 1975-இல் அரசு வேலைத் தடை நீங்கியது. 2009-இல் அரசு மன்னிப்பே கேட்டது. தொலைநோக்கிப் பக்கம் மட்டும் அவரால் திரும்பவே முடியவில்லை. 2011-இல் இறந்தார், அடுத்த வருஷம் 40463 என்ற எண்ணுள்ள சிறுகோளுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

பதினொரு மணிக்கு மூட்டம் கலைந்தது. கீழே சேலம், வெள்ளிப் பட்டறையில் சிதறிய கொலுசு மணிகளாய். அந்தச் சிறுகோள் எங்கள் சின்னத் தொலைநோக்கிக்கு எட்டாது. வியாழனைப் பிடித்தோம்.

மப்ளர் கட்டிய வாட்ச்மேன் ஐயா டார்ச்சோடு மேலே வந்தார். கண்ணை வைத்துப் பார்த்து, "பக்கத்துல நாலு புள்ளி தெரியுதுங்களே?"

"எல்லாம் அதோட நிலாங்கய்யா."

"நாலா!" என்றவர், நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "இவரு உங்க தம்பிங்களா?"

"இல்லீங்கய்யா" என்றேன்.

அவர் மறுபடி குனிந்து நிலாக்களை எண்ண ஆரம்பித்தார்.