கீலைப் பார், உள்ளே பார்

ஜூன் 2

கண்ணாடி அலமாரியின் மேல்தட்டுகள் இரண்டையும் இன்று காலி செய்தேன். சிமிழ்கள், மூக்குப்பொடி டப்பிகள், கட்டைவிரல் உயரப் பீங்கான் பறவைகள், மூடி மட்டும் மிஞ்சிய இரண்டொரு அநாதைகள் எல்லாம் மேஜைக்கு வந்துவிட்டன. உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு நின்றவரை எதுவுமே கண்ணில் தங்கியதில்லை. அலமாரி நிறைந்திருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

திரும்ப அடுக்குவதற்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். திறந்து காட்டத் தகுந்தவைதான் முன்வரிசைக்கு. மூடியின் மேலுள்ள ஓவியத்தில் மயங்குவது எளிது, பொய் சொல்வதும் அங்கேதான் நடக்கும். கீலிலும் உட்புறத்திலும் யாரும் அவ்வளவு மெனக்கெட்டுப் பொய் சொல்வதில்லை.

ஜூன் 3

முதலில் எனாமல் டப்பி. செம்புத் தகட்டின் மேல் எனாமல், மூடியில் ஒரு ரோஜாக்கொத்து, உள்மூடியில் சின்னக் கண்ணாடி. 18ஆம் நூற்றாண்டுச் சீமாட்டிகள் அழகுக்காக முகத்தில் ஒட்டிக்கொண்ட கறுப்புப் பட்டுத் துணுக்குகளை இப்படிப்பட்ட டப்பிகளில் வைத்திருந்தார்கள். துணுக்கை ஒட்டத்தான் அந்தக் கண்ணாடி.

இந்த வகை கிடைத்தால் உடனே ‘பேட்டர்சீ’ என்று சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். லண்டன் பேட்டர்சீ பட்டறை நடந்ததே 1753 முதல் 1756 வரைதான். அந்தப் பெயரில் உலவும் டப்பிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள பில்ஸ்டன், பர்மிங்ஹாம் பக்கத்துப் பட்டறைகளில் செய்யப்பட்டவை. இது போதாதென்று 1845இல் தொடங்கிய பாரிஸ் சாம்சன் நிறுவனம் பழைய எனாமலுக்கும் பீங்கானுக்கும் நகல்களைச் செய்து குவித்தது. இன்று அந்த நகல்களுக்கே தனி ரசிகர்கள் உண்டு. எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை, நகலை நகல் என்று சொன்னால் சரி.

பூதக்கண்ணாடியில் பார்த்தால் விளிம்பின் ஓரிடத்தில் எனாமல் பெயர்ந்து செம்பு தெரிகிறது. மூடியின் இடது ஓரத்தில் ஓர் இதழ் மட்டும் கொஞ்சம் மழுங்கலாக இருந்தது. அறையை இருட்டாக்கிப் புறஊதா விளக்கைப் பிடித்தேன். அந்த இதழ் மட்டும் வேறு நிறத்தில் ஒளிர்ந்தது. யாரோ பின்னாளில் வண்ணம் பூசி ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். இனி இதை ஈரத்துணியால்கூடத் தொடமாட்டேன், மென்மையான தூரிகை போதும்.

ஜூன் 5

இன்று முழுவதும் நெருப்புப்பெட்டியில் பாதிகூட இல்லாத ஒரு வெள்ளிப் பெட்டியோடு போனது. வினிக்ரெட் என்பார்கள். வாசனை சேர்த்த காடியில் நனைத்த பஞ்சை உள்ளே வைத்து, சாக்கடை நாற்றத்திலும் கூட்டத்திலும் முகர்ந்துகொள்வதற்கான பெட்டி. திறந்தால் இன்னொரு மூடி வரும். கொடியும் பூவுமாகத் துளையிட்ட ஒரு சல்லடை, அதற்கும் தனியாக ஒரு குட்டிக் கீல். வெளியே வெள்ளி, உள்ளே தங்க முலாம். செல்வச் செருக்கைக் காட்டப் பூசிய தங்கம் என்று எண்ணவேண்டாம். காடியின் அமிலம் வெள்ளியை அரித்துவிடும், தங்கத்தை ஒன்றும் செய்யாது. துளைகளின் ஓரத்தில் முலாம் தேய்ந்த இடங்களைப் பார்த்தால் பெட்டி நன்றாகவே உழைத்திருக்கிறது.

வெள்ளியைச் சோதித்து அதில் அடித்த முத்திரைகளையும் படித்தேன். நடக்கும் சிங்கம் என்றால் ஸ்டெர்லிங் வெள்ளி, ஆயிரத்தில் 925 பங்கு. நங்கூரம் என்றால் பர்மிங்ஹாமில் சோதிக்கப்பட்டது. கடல் எட்டாத ஊருக்கு நங்கூரச் சின்னம்! பக்கத்தில் விக்டோரியா அரசியின் தலை. அது வரி கட்டியதற்கான அடையாளம். வரி 1890இல் ஒழிந்தது, அரசி பட்டத்துக்கு வந்தது 1837இல். ஆண்டைக் குறிக்கும் எழுத்து தேய்ந்து மறைந்திருந்தாலும் இந்த இரண்டு எல்லைகளுக்குள் பெட்டி சிக்கிக்கொண்டது. மூடியிலும் அடிப்பகுதியிலும் முத்திரைகள் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாவிட்டால் ஒன்றின் தலையை இன்னொன்றின் உடம்பில் பொருத்தியிருக்கிறார்கள் என்று பொருள்.

ஜூன் 6

கம்பளித் துணியில் பொதிந்து ரப்பர் வளையம் போட்டு வெள்ளியைப் பத்திரப்படுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டிலுமே கந்தகம் உண்டு. ரப்பர் பட்ட இடம் கறுப்புக் கோடாகவே நின்றுவிடும்.

ஜூன் 8

அக்கா வந்திருந்தாள், கூடவே அவள் மகனும். அவன் ஒன்றுவிடாமல் திறந்து பார்த்துவிட்டு, “எல்லாம் காலியாகத்தானே இருக்கின்றன சித்தி, பிறகு எதற்கு?” என்றான். அக்காவுக்கு வேறு கவலை. நடுவில் பெரியது, இரு பக்கமும் சமமாகச் சின்னவை என்று தராசு பிடித்தாற்போல் அடுக்கினால்தான் அவளுக்குக் கண் நிறையும்.

அவனுக்கு மரடப்பியைக் கொடுத்து, கீல் எங்கே என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தான்.

ஜூன் 9

அந்த மரடப்பியைப் பற்றி எழுதாமல் விடக்கூடாது. என்னிடம் இருப்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், பார்வைக்கு மிகச் சாதாரணமானதும் இதுதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் கம்னாக், மாக்லின் போன்ற ஊர்களில் மூக்குப்பொடிக்காகச் செய்த வகை. பொடி டப்பியில் இடுக்கு இருந்தால் பொடி கசியும், காற்றுப் புகுந்து காய்ந்தும் போகும். அதற்கு அந்தத் தச்சர்கள் கண்ட வழி மரத்திலேயே கீல். அடிப்பகுதியின் பின்விளிம்பிலிருந்து சின்னச் சின்ன மரக் கணுக்கள், மூடியின் விளிம்பிலிருந்தும் அதேபோல். இரண்டு கைவிரல்களைக் கோத்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்திருக்கும். நடுவே ஊசி போன்ற ஓர் உலோகக் கம்பி ஊடுருவிப் போகிறது. மூடிய நிலையில் நகத்தை ஓட்டினாலும் தடங்கல் இல்லை. திறக்கும்போது சத்தமும் இல்லை. உட்புறத்தில் ஈயத்தாளை ஒட்டியிருக்கிறார்கள், இன்றும் மூக்கருகே கொண்டுபோனால் புகையிலை நெடி.

பொடிப் பழக்கம் குறைந்தபின் மாக்லின் பட்டறைகள் நினைவுப் பொருள்களுக்கு மாறின. ஊசிப்பெட்டி, தபால்தலைப்பெட்டி எனச் சுற்றுலாத் தலங்களின் படம் அச்சிட்டுக் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். 1933இல் ஏற்பட்ட தீவிபத்தோடு அந்தத் தொழில் முடிந்தது. அந்தப் பிற்காலச் சரக்கில் அழகு உண்டு, இந்தக் கீல் பெரும்பாலும் இல்லை.

ஜூன் 12

வெளிர்மஞ்சள் நிறத்தில் மூன்று பொருள்கள்: தந்தமா, எலும்பா, செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்கா? சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லும் யோசனையை யாரும் கேட்கவேண்டாம். பொருளில் வடு விழும், செல்லுலாய்டாக இருந்தால் தீயே பற்றிவிடும். கண்ணே போதும். யானைத் தந்தத்தைக் குறுக்காக வெட்டிய முகத்தில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரியும். எலும்பில் இரத்தக்குழாய் ஓடிய கரும்புள்ளிகளும் கீற்றுகளும் இருக்கும். செல்லுலாய்டில் இணைகோடுகள் ஒழுங்காக, சந்தேகப்படும் அளவுக்கு ஒழுங்காக ஓடும். தேய்த்தால் கற்பூர வாடை.

ஒன்று எலும்பு, இரண்டு செல்லுலாய்டு. தந்தம் இல்லாததில் எனக்கு நிம்மதிதான். பழையதானாலும் அதை நாடுவிட்டு நாடு கொண்டுசெல்லவும் விற்கவும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தமும் அந்தந்த நாட்டுச் சட்டங்களும் கடுமையான கட்டுப்பாடுகளை வைத்திருக்கின்றன. ஆமையோட்டுச் சிமிழுக்கும் அதே கதி. செல்லுலாய்டு இரண்டையும் தனியே, காற்றோட்டமான இடத்தில் வைத்தேன். அது சிதையும்போது வெளிவிடும் அமில வாயு பக்கத்திலிருக்கும் உலோகத்தையும் கெடுக்கும்.

ஜூன் 16

குட்டிப் பறவைகளுக்கு இடம் கிடைத்தது. ஈய எழுத்துகளை வைத்திருந்த பழைய அச்சகத் தட்டு ஒன்றைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அறை அறையாகப் பிரிந்திருப்பதால் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மாடம் பெற்றுவிட்டது. ஆனால் அதன் மூலைகளில் ஈயத்தூள் தங்கியிருக்கும். துடைப்பத்தால் தட்டினால் மூச்சில் ஏறும். ஈரத்துணியால் பலமுறை துடைத்து, காயவைத்து, மெருகெண்ணெய் பூசிய பிறகே மாட்டினேன். எல்லா அறையையும் நிரப்பவில்லை. பாதி காலியாக இருப்பதால்தான் நீலக்குருவி கண்ணில் படுகிறது.

ஜூன் 19

வெயில் விழும் ஜன்னலுக்கு நேர் தட்டில் காகிதக்கூழ் டப்பி எதுவும் வேண்டாம். மாற்றியாயிற்று.

ஜூன் 23

முன்வரிசை முடிந்தது. எனாமல் டப்பி திறந்தபடி, பின்னால் ஒரு சாய்வுத் தாங்கி, உள்கண்ணாடியில் எதிரிலுள்ள வெள்ளிப் பெட்டியின் சல்லடை தெரியும்படி. மூடியின் பாரம் கீலில் தொங்கக்கூடாது, அதனால்தான் தாங்கி. மரடப்பியை மட்டும் மூடியே வைத்தேன். அதன் சாமர்த்தியம் மூடியிருப்பதில்தான் இருக்கிறது, என் விதிக்கு அது மட்டும் விலக்கு. பிரான்சின் லிமோஜ் ஊர்ப் பீங்கான் அன்னச் சிமிழ் பின்வரிசைக்குப் போனது. அழகுதான், கையால் தீட்டியதுதான், ஆனால் வார்த்து எடுத்ததுபோன்ற பித்தளைப் பட்டையும் பளபளக்கும் கொக்கியும் அதை நம் காலத்துப் பொருள் என்று சொல்லிவிடுகின்றன. லிமோஜ் அருகே 1768இல் பீங்கானுக்கான வெண்களிமண் கண்டுபிடிக்கப்பட்டதைச் சொல்லி இந்த அன்னத்துக்கும் இருநூறு வயது ஏற்றுவது நியாயமில்லை.

ஜூன் 27

ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறேன். அமிலம் இல்லாத தாள், பென்சில் எழுத்து. மை கசியும், பசை வேண்டவே வேண்டாம். தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்: “எனாமல், செம்பு. ஓர் இதழ் பின்னாளில் ஒட்டியது.” அவ்வளவுதான்.

மாலையில் அக்கா தொலைபேசியில் அழைத்து, அந்த அன்னத்தைத் தருவாயா என்று கேட்டாள். அவள் நடுத்தட்டுக்கு அது பொருந்துமாம். எடுத்துக்கொள் என்றேன். சீட்டையும் சேர்த்துத்தான் தருவேன், அதை எடுத்துப்போடக்கூடாது என்ற நிபந்தனையோடு. “அதில் என்ன எழுதியிருக்கிறாய்?” என்றாள். புதியது என்று எழுதியிருக்கிறேன்.