13-ஆம் நம்பர் ஸ்பானர்

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் வெல்டிங் பட்டறை வைத்து 18 வருஷம் ஆகிறது. கேட்டோ கிரில்லோ, எதைக் கேட்டாலும் என் கை தானாக வெல்டிங் ராடைத்தான் தேடும். அப்படிப்பட்ட நான் செய்த ஒரு காப்பிக் கடையில் இன்றைக்கு ஒரு மூட்டில்கூட வெல்டிங் கிடையாது.

போன வருஷம் பக்கத்து ஊர்க் குடும்பஸ்ரீ என்கிற பெண்கள் சுயஉதவிக் குழுவிலிருந்து ஏழு அக்காக்கள் வந்தார்கள். காலையில் பஸ் ஸ்டாப், சாயங்காலம் வாயனசாலை (ஊர் நூலகம்) வாசல், சந்தை நாளில் வேலந்தாவளம் என்று இடம் மாறிப் போகிற காப்பிக் கடை வேண்டுமாம். வருகிறவர்கள் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசவும் இடம் இருக்க வேண்டும். தள்ளுவண்டி பத்தாது, கட்டடம் கட்டச் சொந்த இடமும் இல்லை.

"செஞ்சு தர்றேனுங்க" என்று சொல்லிவிட்டு, எப்போதும் செய்கிற மாதிரியே செய்தேன். 14 கேஜ் ஸ்கொயர் டியூப், ஒரு இஞ்ச் அளவு. 20 அடி நீளம் ஒன்றே கிட்டத்தட்ட ஒன்பது கிலோ வரும். நாலு பக்கமும் தகடு, மேலே தகடு. மேடைக்கு கிரானைட் போட்டது என் திமிர். அது மட்டும் 45 கிலோ. எல்லாம் முடித்து எடைமேடையில் ஏற்றினால் 410 கிலோ! நாலு சக்கரம் இருந்தும் ஏழு பேர் தள்ளி நகரவில்லை.

"ஏன் சாமி, நாங்க காப்பி விக்கறதா, தேர் இழுக்கறதா?" என்றார் குழுவில் மூத்த அக்கா.

தேரைக் காற்றே இழுத்தது. பாலக்காட்டுக் கணவாய் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிற வாசல். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாகத்தான் எங்கள் தலைக்கு மேலே கொங்கு நாட்டுக்குப் போகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்து நான் பார்த்ததில்லை, என் கூரை பறந்ததைப் பார்த்தேன். முன்பக்கம் கடை திறந்திருந்தது, மற்ற மூன்று பக்கமும் அடைப்பு. உள்ளே புகுந்த காற்று வெளியேற வழி இல்லாமல் மேலே தூக்கிவிட்டது. வெல்டிங் விடவில்லை, அதைச் சுற்றியிருந்த தகடுதான் கிழிந்தது. நல்லவேளை, அப்போது கடையில் ஆள் இல்லை. ஆனால் ஒரு கூரையைச் சரி செய்ய மொத்தக் கடையையும் வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதுதான் என்னை யோசிக்க வைத்தது.

அந்த மாதமே வேறு வேலையாகத் திருவனந்தபுரம் போனேன். தம்பானூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த செங்கல் கட்டடம், உருளை மாதிரி சுற்றிச் சுற்றி மேலே ஏறும். படிக்கட்டு இல்லை, சரிவுதான்; ஓரமாக மேசையும் பெஞ்சும் சுவரோடு சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். கடையின் கதையும் எனக்குப் பிடிக்கும். மத்திய அரசின் காபி போர்டு தன் கடைகளை மூடியபோது வேலை இழந்த தொழிலாளர்கள், கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் முன்நின்று வழிகாட்ட, கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து தாங்களே நடத்த ஆரம்பித்தார்கள். கேரளத்தில் முதல் கடை திருச்சூரில், 1958-இல். சரி, அந்தக் கட்டடத்தை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் சுவர் முழுக்க ஓட்டை. ஃபேன் இல்லாமலே முதுகில் காற்று பட்டது. கட்லெட் ஆறும் வரை அந்த ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கடைக்கும் சுவர் தேவையில்லை, சல்லடைதான் தேவை.

திரும்பி வந்து எல்லாவற்றையும் அறுத்தேன். முன்னதைவிட மெல்லிசான 18 கேஜ் டியூப்பில் தனித்தனிச் சட்டங்கள். எதுவும் ஏழடிக்கு மேல் இல்லை, குட்டி யானை வண்டியில் படுக்க வேண்டுமே. தகட்டுக்குப் பதில் பனை ரீப்பர், அதாவது நீள மரப்பட்டைகள், இரண்டு விரல் இடைவெளி விட்டு. பழைய வீடு பிரித்த இடத்தில் பனங்கை வாங்கி அறுத்துக்கொண்டேன். வைரம் பாய்ந்த பனை, ரம்பத்தின் பல்லையே தின்றுவிட்டது. கூரைக்குப் பனையோலை முடைந்த இரண்டு தட்டி, கயிற்றுக் கட்டு. காற்று மிஞ்சினால் அவிழ்த்துச் சுருட்டிவிடலாம். அடுப்புக்கு மேலே மட்டும் தகடுதான். அங்கேயும் ஓலை போட்டால் அழகாக இருக்கும் என்று ஒரு தம்பி சொன்னான். அழகாக எரியவும் செய்யும்.

மூட்டுக்கெல்லாம் எட்டு எம்.எம். போல்ட். பெரிசு சிறிசு கலக்கவில்லை, ஒரே அளவு. அதற்குப் பொருந்துகிற 13-ஆம் நம்பர் ஸ்பானர் இரண்டு இருந்தால் மொத்தக் கடையையும் பிரிக்கலாம். முதல் பயணத்திலேயே மூன்று நட் ரோட்டில் உதிர்ந்தன. குண்டும் குழியுமான ரோட்டில் சாதா நட் நிற்காது, உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட் வேண்டும். அதுவும் பல தடவை கழற்றி மாட்டினால் பிடி தளரும். புதுசு மாற்ற வேண்டியதுதான்.

வெந்நீர்ப் பாத்திரத்துக்கு உமிப்பெட்டி அக்காக்களின் யோசனை. பலகைப் பெட்டிக்குள் ஒரு சாண் கனத்துக்கு அரிசி மில் உமி, நடுவில் எவர்சில்வர் தூக்கு. காலையில் கொதித்த தண்ணீர் பத்து மணிக்கும் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கிறது, கேஸ் மிச்சம். பேப்பர் கப் கிடையாது, டம்ளர்தான். கழுவின தண்ணீரை வாயனசாலை வாழைக்கு ஊற்றுகிறார்கள். மழை குறைந்த எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் அது சும்மா இல்லை. காப்பிச் சக்கைக்கு மல்லிகைச் செடி வைத்திருப்பவர்களிடையே போட்டி.

போன வாரம் சாயங்காலம் அந்தப் பக்கம் போனேன். உட்காரும் பலகை நான் மாட்டிய உயரத்தில் இல்லை. இரண்டு துளை கீழே இறங்கியிருந்தது. வாயனசாலைக்கு வருகிற பெரியவர்களுக்கு முட்டி வலி, அதனால் இறக்கினார்களாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்பானர், காப்பி ஃபில்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

12 ரூபாய் கொடுத்துத்தான் காப்பி குடித்தேன். உட்கார்ந்து பார்த்தேன், அவர்கள் இறக்கிய உயரம்தான் சரி.