பத்தொன்பதாம் நூற்றாண்டில், அமெரிக்காவின் மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையாரில் எத்தனை பேருக்கு இரண்டு தாரம்?

"நூற்றுக்கு ரெண்டு மூணு பேர்தான்" என்பது ஒரு கட்சி. "பாதி ஊரே அப்படித்தான்" என்பது இன்னொரு கட்சி. எதை எதால் வகுத்தார்கள் என்று பார்த்தால் சண்டை முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தெருவை வைத்துக்கொள்வோம். (சேலத்திலும் 1949 சட்டம் வரும்வரை இந்து ஆண் இரண்டாம் தாரம் கட்டுவது குற்றமில்லை.) கல்யாணமான ஆண்கள் 100 பேர். அதில் 20 பேருக்கு ஆளுக்கு இரண்டு மனைவி. ஆக மனைவிமார் 120. மனைவி ஒருத்திக்கு ஐந்து பிள்ளை என்றால் பிள்ளைகள் 600. தெருவில் மொத்தம் 820 பேர்.

இருதாரக் கணவர்களை மட்டும் எண்ணி 820-ஆல் வகுத்தால் 2.4 சதவீதம். கல்யாணமான ஆண்களில் பார்த்தால் 20. மனைவிமாரில் 33. அப்படிப்பட்ட குடும்பத்தில் இருப்பவர்கள் 260 பேர், ஏறக்குறைய 32 சதவீதம். கைக்குழந்தையையும் சேர்த்து வகுக்கிற முதல் கணக்கு, குறைத்துக் காட்டுவதற்குத்தான் உதவும்.

மார்மன்கள் குடியேறிய யூட்டாவில், 1852-ல் பகிரங்கமாக அறிவிக்கப்பட்ட பலதார வழக்கம் 1856-57 மதச் சீர்திருத்த அலையில் உச்சத்துக்குப் போனது. 1857-ல் அங்கே வாழ்ந்தவர்களில் சுமார் பாதிப் பேர் ஆயுளில் ஏதோ ஒரு கட்டத்தில் பலதாரக் குடும்பத்தில் இருந்திருக்கிறார்கள். 1870-ல் அத்தகைய குடும்பங்களில் இருந்தவர்கள் 25 முதல் 30 சதவீதம். முன்னது ஆயுள் கணக்கு, பின்னது அந்த ஆண்டின் கணக்கு. ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்துச் சரிவு என்று சொல்லக்கூடாது. ஊருக்கு ஊரும் மாறும்: 1880-ல் ஆர்டர்வில்லில் 67 சதவீதம், சவுத் வெபரில் வெறும் 5. சபைத் தலைவர் பிரிகாம் யங்குக்கு ஐம்பதுக்கு மேல் மனைவிகள் என்பதை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் பலதாரம் கொண்ட ஆண்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு இரண்டு மனைவிதான்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பை மட்டும் நம்பினால் எண்ணிக்கை குறையும். குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற கேள்வியே 1880-ல்தான் வந்தது. இளையாள் தனி வீட்டில் இருந்தால் அவளே குடும்பத் தலைவியாகப் பதிவாவாள். பலதாரத்தைத் தண்டிக்க அமெரிக்க அரசு கொண்டுவந்த 1882 எட்மண்ட்ஸ் சட்டத்துக்குப் பிறகு கைதுக்குப் பயந்து உறவை மறைத்தவர்கள் ஏராளம். அதனால் வம்சாவளி ஏடுகளையும் சபையின் திருமணப் பதிவுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: மறுமைக்காக மட்டும் நடந்த திருமணங்களும் அந்தப் பதிவுகளில் உண்டு. சேர்ந்து வாழாத அந்த மனைவிகளைக் கழிக்காவிட்டால் எண்ணிக்கை மறுபக்கம் ஊதிவிடும்.