குதிகால் வலியோடு சிவாலய ஓட்டத்துக்குத் தயாரானேன்

சிவராத்திரிக்குச் சில மாதம் இருக்கும்போது வலது குதிகால் மக்கர் பண்ணத் தொடங்கியது. காலையில் எழுந்து வைக்கும் முதல் நாலைந்து அடிக்கு உயிர் போகும், அப்புறம் மெல்லக் குறையும். சிவாலய ஓட்டம் என்பது சிவராத்திரியை ஒட்டிக் குமரி மாவட்டத்துச் சிவன் கோயில்களுக்கு ஓடிப்போய்க் கும்பிடுவது: முன்சிறையிலிருந்து திருநட்டாலம் வரை 12 கோயில், ஏறக்குறைய 100 கிலோமீட்டர், வெறுங்கால். இந்தக் காலோடு எப்படி?

எக்ஸ்ரேயில் குதிகாலில் எலும்பு முள் தெரிந்தது. வீட்டில் எல்லாரும் பயந்துவிட்டார்கள். பிசியோதெரபிஸ்ட் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்குமாம். எங்கள் ஊர் வர்ம ஆசானோ கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்து, "மக்களே, இது கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு. இத விட்டுட்டு குதியில எண்ணெய் தேச்சு என்ன பயன்?" என்றார். கெண்டைக்காலைக் கவனிக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒரே இடத்துக்குத்தான் வந்தார்கள்.

பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்த பயிற்சி இதுதான். தோர்த்தை (துண்டை)ச் சுருட்டிப் படிக்கட்டின் விளிம்பில் வைத்து, கால்விரல்கள் அதன்மேல் மடங்கி நிற்கும்படி முன்பாதத்தை ஊன்ற வேண்டும். ஒற்றைக்காலில் 3 விநாடி எடுத்துக் குதிகாலை உயர்த்தி, 2 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் இறக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள். அவசரப்பட்டால் பிரயோஜனம் இல்லை. வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாமல், பிறகு ஒருநாள் காலையில் வலி நினைவுக்கே வரவில்லை.

அதன்பிறகுதான் செருப்பைக் கழற்றினேன். முதலில் வீட்டு முற்றம், பிறகு ரப்பர் தோட்டத்து மண்பாதை, கடைசியாகத் தார்ச்சாலை. வெடிப்பு இருந்த குதிக்கு இரவில் தேங்காய் எண்ணெய் தடவினேன். வெடித்த தோல் தாரில் இன்னும் கிழியும். டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசியும் போட்டுக்கொண்டேன்.

ஓட்டம் என்று பெயர், பாதி நடைதான். திற்பரப்பு, திருநந்திக்கரை எல்லாம் இரவுக் குளிரில் சுகமாகப் போயின. ஒவ்வொரு கோயிலிலும் குளித்துவிட்டு ஈரத்தோடு கிளம்புவதில்தான் சிக்கல்: ஊறிய தோல் சீக்கிரம் கொப்புளிக்கும். ஓடுபவர்கள் வழக்கமாகக் கொண்டுபோகும் விசிறியோடு ஒரு சின்னத் துணியும் இடுப்பில் வைத்திருந்தேன். விரல் இடுக்கைத் துடைக்காமல் சாலையில் கால் வைக்கவில்லை. கல்குளம் தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. தாரை விட்டு ஓரத்து மண்ணில், நிழல் பார்த்து நடந்தோம். வழிநெடுக மோரும் கஞ்சியும் தருகிறார்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

திருவிடைக்கோட்டில் பெருவிரலுக்குக் கீழே கொப்புளம். சோப்பால் கழுவி, கொதிக்கவைத்துக் கொண்டுபோன ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்தேன். மேல்தோலை உரிக்கவில்லை, அதுதான் காயத்துக்கு மூடி. அதன்மேல் காஸ் துணி கட்டி மெதுவாக முடித்தேன்.

கூட வர ஆசைப்பட்ட மாமாவுக்குச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைவு, சூடு பட்டாலும் தெரியாது. அவரை வேனில்தான் கூட்டிப்போனோம். கோயில் வாசல் வரை செருப்பு, உள்ளே போய் வந்ததும் உள்ளங்காலை நானே திருப்பிப் பார்த்தேன். கொஞ்சம் கோபித்துக்கொண்டார், பரவாயில்லை.