பழைய மானிட்டரில் கேபிள் டிவி: நீண்டுபோன முகங்களைச் சரிசெய்த விதம்

வீட்டில் சும்மா கிடந்த 17 இஞ்ச் எல்சிடி மானிட்டரை அம்மாவின் அறைக்கு டிவியாக்கிவிடலாம் என்று இறங்கினேன். செட்டாப் பாக்ஸில் இருந்தது எச்டிஎம்ஐ என்ற டிஜிட்டல் இணைப்பு, மானிட்டரில் விஜிஏ என்ற பழைய அனலாக் இணைப்பு. நடுவில் ஒரு கன்வெர்ட்டர் மாட்டியதும் படம் வந்துவிட்டது. சத்தத்துக்கு கன்வெர்ட்டரில் இருந்த 3.5 மி.மீ. ஜாக்கில் ஸ்பீக்கரைச் செருகினால் போதும். ஆனால் சீரியலில் ஒவ்வொருவர் முகமும் நீண்டு, நெற்றியில் வைத்த வட்டப் பொட்டுகூட முட்டை வடிவமாகியிருந்தது. “என்னடா, எல்லாரும் இப்படி இளைச்சுப் போயிட்டாங்க?” என்றார் அம்மா. கேபிள்காரரைக் கேட்டால், “மானிட்டர்ல அப்படித்தான் சார் வரும், சின்னதா ஒரு டிவி வாங்கிடுங்க” என்று முடித்துவிட்டார்.

ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். திரையின் அகலம் 33.8 செ.மீ., உயரம் 27 செ.மீ. அதாவது அகலத்துக்கும் உயரத்துக்கும் விகிதம் 5:4, அந்தக் காலத்து 1280×1024 புள்ளி மானிட்டர்களின் வடிவம் அது. பாக்ஸ் அனுப்புவதோ 16:9 படம். 33.8 செ.மீ. அகலத்துக்கு அது 19 செ.மீ. உயரம்தான் இருக்க வேண்டும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விடாமல், மானிட்டர் அதை 27 செ.மீ.க்கு இழுத்து நிரப்புகிறது. முகம் நீளாமல் என்ன செய்யும்?

அகலத் திரை மானிட்டர் பலவற்றின் மெனுவிலேயே ‘ஆஸ்பெக்ட்’, ‘1:1’ என்று, படத்தை இழுக்காமல் காட்டும் வழி ஏதாவது இருக்கும். அதை மாற்றினாலே வேலை முடிந்துவிடும். என்னுடையதில் பிரைட்னஸ், பொசிஷன் தவிர உருப்படியாக எதுவும் இல்லை. கன்வெர்ட்டரும் டிஜிட்டலை அனலாக் ஆக்கித் தருவதோடு சரி, படத்தின் வடிவத்தைத் தொடாது. மிச்சம் இருந்தது பாக்ஸ்தான்.

பாக்ஸ் மெனுவில் 16:9, 4:3 எல்பி, 4:3 பிஎஸ் என்று மூன்று வழி இருந்தது. எல்பி என்பது லெட்டர்பாக்ஸ்: முழுப் படத்தையும் காட்டி மேலும் கீழும் பட்டை வைக்கும். பிஎஸ் இரு ஓரங்களையும் வெட்டித் திரையை நிரப்பும். எல்பி கொடுத்தேன். ஒன்றும் மாறவில்லை! பாக்ஸ் 720பி-யில், அதாவது 720 வரிகள் கொண்ட படமாக, ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணம். 720பி-யும் 1080ஐ-யும் இயல்பிலேயே 16:9 வடிவம். 4:3 என்று சொல்வதற்கு 576 அல்லது 480 வரிக்கு இறங்கினால்தான் அர்த்தம் உண்டு.

576பி-க்கு மாற்றியதும் திரை இருண்டு ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று வந்து நின்றது. நம் ஊர் ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 தடவை படம் புதுப்பிக்கப்படும்; 576பி-யும் அதுவே. இந்த மானிட்டர் ஏற்பது 56 முதல் 75 ஹெர்ட்ஸ் வரை. இருண்ட திரையில் மெனு தெரியாதே, அதனால் பாக்ஸைக் கழற்றி ஹால் டிவியில் மாட்டித்தான் அடுத்த மாற்றத்தைச் செய்ய முடிந்தது. 480பி, 60 ஹெர்ட்ஸ், 4:3 எல்பி. திரும்ப மானிட்டரில் மாட்டினால், பொட்டு வட்டமாக இருந்தது!

சரியாகச் சொன்னால் முழு வட்டம் இல்லை. 4:3 படம் 5:4 திரையில் இன்னும் ஒன்றரை செ.மீ. சொச்சம் உயரமாக இழுபடுகிறது. ஸ்கேல் வைத்தால் தெரியும், சீரியல் பார்க்கும்போது தெரியாது. பெரிய குறை வேறு: 50 ஹெர்ட்ஸை 60 ஆக்குவதால் செய்திச் சேனலின் கீழே ஓடும் எழுத்து லேசாகத் திக்கித் திக்கி ஓடுகிறது. தெளிவும் கொஞ்சம் குறைவுதான். முகம் கோணுவதைவிட இது மேல் என்பது என் கட்சி.

அப்புறம் அம்மாவின் மதியப் படங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் ஏறக்குறைய 4:3 வடிவில் எடுக்கப்பட்டவை. சேனல் அவற்றை 16:9-க்குள் பக்கப் பட்டைகளோடு அனுப்பும்போது, எல்பி மேலும் கீழும் இன்னொரு ஜோடி பட்டை சேர்க்கிறது. நாலு புறமும் கறுப்பு, நடுவில் குட்டியாகப் படம். அங்கே பிஎஸ் போட்டால் பக்கப் பட்டை மட்டும் வெட்டுப்பட்டு, படம் திரை முழுக்க வந்துவிடுகிறது. சேனலே அகலமாக இழுத்து அனுப்பும் படங்களுக்கு மட்டும் இதனால் பயனில்லை. படம் முடிந்ததும் எல்பிக்குத் திரும்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வரும் சீரியலில் ஓரமாக நிற்பவர் பாதிதான் தெரிவார்.